எங்கள் விண்ணப்பத்தை முதலில் வாங்குங்கள்: உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய அரசின் உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

நான் தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் வாழ்கிறவள். குடியுரிமை கேட்டு நான் எழுதிய விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஒன்றில் வாங்க மறுத்துவிட்டார்கள். நிராகரித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நிராகரிக்க வேண்டுமென்றால் முதலில் வாங்க வேண்டும், படிக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும். இங்கே அது எதுவும் நடக்கவில்லை. "முகாம்காரங்களுக்கு இது கிடையாதும்மா, மேலேருந்து உத்தரவு இல்லை" என்று சொல்லிக் காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார் அங்கிருந்த எழுத்தர். மரியாதையாகத்தான் பேசினார். அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர் 'மேலே' என்று சொன்னது உங்கள் அமைச்சகத்தை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் 1989-இல் தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவமனையில் பிறந்தேன். என் அண்ணன் அதே மருத்துவமனையில் 1987 பிப்ரவரியில் பிறந்தவன். எங்களுக்கு ஒரே அம்மா அப்பா, ஒரே முகாம், ஒரே பள்ளிக்கூடம். ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி அண்ணன் பிறப்பால் இந்தியக் குடிமகன். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்த மண்ணில் பிறந்தவர்கள் எல்லாரும், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமக்கள்தான். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அதுவும் போதாது. இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஆக அண்ணன் குடிமகன், நான் வெளிநாட்டவர், 2014-இல் இங்கே பிறந்த என் மகனும் வெளிநாட்டவர். ஒரே குடும்ப அட்டைக்குள் இப்படி இரண்டு நாடு.

அண்ணனுக்கும் அது சும்மா வந்துவிடவில்லை. முகாமில் பிறந்தவன் என்பதால் அவனையும் அகதிப் பதிவேட்டில்தான் வைத்திருந்தார்கள். சட்டம் தன்னைக் குடிமகன் என்று சொல்வதே அவனுக்கு வெகுகாலம் தெரியாது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்த செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதைப் பார்த்துத்தான் அண்ணன் போன்றவர்கள் தங்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார்கள். சட்டப் புத்தகத்தில் முதலிலிருந்தே இருக்கும் ஓர் உரிமையை ஒரு பெண் வழக்குப் போட்டு ஊருக்கு அறிவிக்க வேண்டியிருந்தது என்பதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

என் அம்மா மலையகத் தமிழர். அவருடைய அப்பா துறையூர்ப் பக்கத்தில் பிறந்து, சிறுவயதில் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகப்பட்டவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. பிறகு 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். இப்படி நாடற்றுப்போன 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆக இந்தியா எழுத்தில் ஏற்றுக்கொண்ட கணக்கு 6,00,000 பேர். அந்தப் பேச்சுவார்த்தையில் சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. அது வேறு கதை.

தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர். முடிவு வருவதற்குள் 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். அங்கே அம்மாவுக்கும் மன்னாரைச் சேர்ந்த அப்பாவுக்கும் கல்யாணம் நடந்தது. 1983 ஜூலையில் மறுபடியும் கலவரம். 1984-இல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. ஒப்பந்தப்படி வர வேண்டியவர்களுக்கு இருந்த வழி அந்தக் கப்பல்தான். 1985-இல் அம்மாவும் அப்பாவும் மீன்பிடிப் படகில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். இறங்கியதும் போலீஸார் பெயர் எழுதினார்கள், விசாரித்தார்கள், முகாமுக்கு அனுப்பினார்கள். யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வந்தவர்கள் இல்லை அவர்கள். கப்பலில் வந்திருந்தால் அம்மா தாயகம் திரும்பியவர். படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி.

இந்த ஒரு வரையறைதான் எங்கள் எல்லாரையும் வாசலிலேயே நிறுத்துகிறது. குடியுரிமை பெறச் சட்டத்தில் இரண்டு முக்கியமான வழிகள் இருக்கின்றன. இந்திய வம்சாவளியினரும் இந்தியரை மணந்தவர்களும் இங்கே ஏழு ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் 5-ஆம் பிரிவின்படி பதிவு செய்துகொள்ளலாம். மற்ற வெளிநாட்டவர்கள் 6-ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கலாம். கடைசிப் பன்னிரண்டு மாதம் தொடர்ந்தும், அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் பதினொரு ஆண்டுகளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் எந்த நிபந்தனையில் தோற்கிறோம் சொல்லுங்கள். என் அம்மா நாற்பது வருடமாக இங்கே இருக்கிறார். தமிழ் எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. ஆனால் 2003-இல் செய்த திருத்தம், சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரை இருந்தால் இந்த இரண்டு வழியும் கிடையாது என்று சொல்லிவிட்டது. நிபந்தனைகளைச் சரிபார்க்கும் கட்டம்வரைக்கும் எங்கள் காகிதம் போவதே இல்லை.

என் விஷயம் இன்னும் விநோதமானது. சட்டவிரோதக் குடியேறி என்பவர் யார் என்பதைச் சட்டத்தின் 2(1)(பி) பிரிவு சொல்கிறது: செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது ஆவணத்தோடு வந்து அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கியவர். நான் எப்போது, எந்த வழியாக நுழைந்தேன்? பிரசவ வார்டிலிருந்து முகாமுக்குத்தான் போனேன். இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே இருந்ததில்லை. நுழையாத ஒருத்திக்கு நுழைந்த குற்றத்தை எப்படிப் பொருத்துகிறீர்கள்? இதை நான் அலுவலகத்தில் கேட்டபோது, "நீங்க சொல்றது சரிதான், ஆனா ஃபார்ம்ல பாஸ்போர்ட் நம்பர், விசா விவரம் எல்லாம் கேட்குதே" என்றார்கள். சட்டம் தடுக்காத இடத்தில் படிவம் தடுக்கிறது.

இலங்கைக் குடிமக்கள் என்றாவது எங்களைச் சொல்ல முடியுமா என்றால் அதுவும் தானாக நடப்பதில்லை. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் அந்த நாட்டுக் குடியுரிமை. அதற்குப் பெற்றோரின் ஆவணங்கள் வேண்டும். கலவரத்தில் வீடு எரிந்து ஓடிவந்தவர்களிடம் அந்தக் காகிதங்கள் இருந்தால் ஆச்சரியம். எனக்குப் பதிவு நடக்கவே இல்லை. இந்தியா என்னை இலங்கைக்காரி என்கிறது. இலங்கையின் எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் இல்லை.

இதனால் என்ன குறைந்துவிட்டது, சாப்பாடும் வீடும் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கிறது, மறுக்கவில்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு பணக்கொடையை உயர்த்தியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. முகாம்களின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அரிசி வருகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. ஆனால் நான் முதுநிலை வணிகவியல் படித்தவள். அரசுத் தேர்வு எழுதலாம் என்று போனால் குடியுரிமை என்ற கட்டத்தில் நிற்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் நேர்காணல் முடிந்து, எல்லாம் சரி என்று சொன்ன பிறகு, பாஸ்போர்ட் இல்லை என்றதும் பேச்சு நின்றுபோனது. என் கணவர் பொறியியல் டிப்ளமோ முடித்தவர். பெயிண்ட் அடிக்கப் போகிறார். முகாம் ஆண்களில் பாதிப்பேருக்கு மேல் பெயிண்ட் வேலைதான் என்று நீங்களே வந்து பார்த்தால் தெரியும். அந்த வேலையில் குறைவொன்றும் இல்லை. படித்தவன், படிக்காதவன் எல்லாரும் ஒரே சாரத்தில் ஏறி நிற்பதைப் பார்க்கும் அடுத்த தலைமுறை, எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கிறது. என் மகனும் கேட்டுவிட்டான்.

சேமித்த பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்றால், இலங்கை உள்ளிட்ட சில நாட்டவர்கள் இங்கே அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் கல்யாணத்துக்குப் போய் இரவு தங்க வேண்டும் என்றாலும் முகாமில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கணக்கெடுப்பு நாளில், செக்கிங் என்று நாங்கள் சொல்வோம், வேலை இருந்தாலும் காய்ச்சல் அடித்தாலும் ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பதிவு வெட்டுப்படும். அந்தப் பதிவு மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.

என் சித்தி மகளின் கதையையும் சொல்ல வேண்டும். 1990-இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவள் அவள். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். தலைமுறை தலைமுறையாக இந்த மாவட்டத்தில் வாழ்பவர் அவர். இரண்டு பிள்ளைகள், இருவரும் 2010-க்குப் பிறகு பிறந்தவர்கள். அப்பா இந்தியர். ஆனால் அம்மா சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்படுவதால் பிள்ளைகள் பிறப்பால் குடிமக்களா என்ற கேள்வி எழுகிறது. இந்தியரை மணந்தவள் என்று அவள் பதிவுக்கு விண்ணப்பிக்கவும் அதே முத்திரை தடை. கைக்குழந்தையாக அவள் செய்த அந்தக் 'குற்றம்' அவள் பிள்ளைகளையும் தொடருகிறது.

இந்த முத்திரையை எடுக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களே எடுத்திருக்கிறீர்கள். 2015 செப்டம்பரில் பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்குப் பாஸ்போர்ட் சட்டம், வெளிநாட்டினர் சட்டம் இரண்டிலிருந்தும் விலக்குக் கொடுத்து அறிவிக்கை வந்தது. பிறகு ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. அந்த விலக்கை அடிப்படையாக வைத்து 2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. 2014 டிசம்பர் 31 வரை வந்த அந்த மூன்று நாடுகளின் இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று அதே 2(1)(பி) பிரிவில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. பதினொரு ஆண்டு வசிப்பு ஐந்தாகக் குறைந்தது. 2024 மார்ச் 11-இல் விதிகள் வந்தபோது பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைக் காட்டினாலும் போதும், காலாவதியான ஆவணமும் செல்லும் என்றீர்கள். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. எந்த மதத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்ததில் எனக்குச் சம்மதமும் இல்லை. எங்கள் முகாமில் இந்துவும் கிறித்தவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே படகில்தான் வந்தோம். நான் கேட்பது ஒன்றுதான். 2014-இல் வந்தவருக்கு முடிந்தது, 1985-இல் வந்தவருக்கு ஏன் முடியவில்லை?

2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதன் கீழ் ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்றது அது. அன்று முகாமில் இனிப்புக் கொடுத்தார்கள். தொலைக்காட்சியில் வந்ததைக் கேட்டு, குடியுரிமையே கிடைத்துவிட்டது என்று நினைத்தவர்கள் நிறைய. ஆணையை நிதானமாகப் படித்தால்தான் தெரிந்தது, குடியுரிமைச் சட்டத்தின் வரையறை அப்படியே இருக்கிறது என்பது. மற்றவர்களுக்கு 2015-இல் போட்ட முதல் படியை எங்களுக்கு 2025-இல் போட்டிருக்கிறீர்கள். சரி, நன்றி. அடுத்த படிக்கு அவர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். எங்களுக்கு எத்தனை?

உங்கள் அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள், எங்களுக்குச் செய்யும் உதவியின் இறுதி நோக்கம் எங்களை இலங்கைக்கு அனுப்புவதே என்று சொல்லி வந்திருக்கின்றன. போர் முடிந்தது 2009 மே மாதம். போக விரும்பியவர்களில் பலர் போய்விட்டார்கள். இன்னும் போக விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவுங்கள், அவர்கள் விருப்பத்தை மதியுங்கள். ஆனால் பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவர்களையும் அதே கணக்கில் சேர்ப்பது கொள்கை ஆகாது. அது கொள்கை இல்லாததற்கு வைத்த பெயர். முகாம்களில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கிறோம். அம்மாவைப் போன்ற மலையகத்தவர்களுக்கோ போய்ச் சேர அங்கே ஊரும் இல்லை, நிலமும் இல்லை.

பாதுகாப்பு என்ற காரணத்தையும் நான் அறிவேன். 1991-இல் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம்களின் கதவு இறுகியது. அப்போது எனக்கு நடக்கத்தான் தெரியும். அந்தப் படுகொலைக்கு முகாம்கள் மொத்தமும் இன்றும் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒன்று சொல்கிறேன், இந்த நாட்டில் எங்களைப் போல் அரசுக்குத் தெரிந்த மக்கள் வேறு யாரும் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள், யாருக்குக் கல்யாணம் என்பது வரைக்கும் தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவுக்குத் தெரியும். ஒருவர் நன்னடத்தை உள்ளவரா என்று விசாரிக்க இதைவிட நல்ல பதிவேடு எங்கே கிடைக்கும்? தவறு செய்தவர் இருந்தால் அவருடைய விண்ணப்பத்தைக் காரணம் எழுதி மறுங்கள். அந்தத் தனித்தனி விசாரணையைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூன் 17 அன்று மதுரைக் கிளை அவர்களைப் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது. ஆட்சியர்கள் அவற்றை அனுப்ப வேண்டும், மத்திய அரசு பதினாறு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குப் பிறகும் ஓர் ஆட்சியர் அலுவலகத்தில் என் காகிதத்தைக் கையில் வாங்க ஆள் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

தமிழ்நாட்டில் உள்ள எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் எழுத்தில் உத்தரவு அனுப்புங்கள்: முகாமில் இருப்பவரோ வெளியில் பதிவு செய்து வாழ்பவரோ குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் வாங்க வேண்டும், ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் உங்கள் அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். மறுப்பதானாலும் காரணத்தை எழுதிக் கொடுங்கள். அதை வைத்து நாங்கள் நீதிமன்றத்துக்காவது போவோம். வாய்ச்சொல்லை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது?

இந்தியாவில் பிறந்த யாரும் 2(1)(பி) பிரிவின் கீழ் வர மாட்டார்கள் என்று தெளிவுபடுத்துங்கள். என்னைப் போன்றவர்கள் 6-ஆம் பிரிவில் விண்ணப்பிக்க அது வழிவிடும். பாஸ்போர்ட், விசா கேட்கும் இடங்களில் முகாம் பதிவையும் பிறப்புச் சான்றிதழையும் ஏற்கும்படி படிவத்தை மாற்றுங்கள். 2024 விதிகளில் மற்றவர்களுக்குச் செய்ததுதான் இது.

1987 ஜூலை 1-க்கு முன் முகாம்களில் பிறந்தவர்களை நீங்களாகவே கணக்கெடுத்து, அவர்கள் குடிமக்கள் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். ஆளுக்கொரு வழக்கு என்று இழுக்க வேண்டாம். அவர்களில் மூத்தவர்களுக்கு இப்போதே நாற்பது தாண்டிவிட்டது.

மலையக வம்சாவளியினரின் விண்ணப்பங்களை 1964, 1974 ஒப்பந்தங்களில் இந்தியா ஏற்ற கடமையாகக் கருதி 5-ஆம் பிரிவில் முதலில் முடியுங்கள். என் அம்மாவைப் போன்றவர்கள் எழுபதை நெருங்குகிறார்கள்.

கடைசியாக, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் அனைவரையும், மதம் பார்க்காமல், சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து விலக்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவாருங்கள். தேதியை நீங்களே குறித்துவிட்டீர்கள். பெயர்ப் பட்டியல் மாநில அரசிடம் இருக்கிறது. எப்போது கொண்டுவருவீர்கள் என்பதை மட்டும் எங்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டில் பிறந்து, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் வாழும் ஒரு பெண்